கார்டு சாரின் கடைசிப் பெட்டி

விடியற்காலை நாலே முக்காலுக்கு, நடக்கக் கிளம்பச் சொல்லி கார்டு சாரின் மிஸ்டு கால். எடுத்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும், காசு போய்விடுமாம். ரீசார்ஜ் செய்தால் பேச்சு இலவசம் என்றாகி எத்தனையோ வருஷமாயிற்று. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் பேசவும் ஆரம்பித்துவிடுவார்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். சில ஊரில் ரிடையர்டு ஹெட்மாஸ்டர், சில ஊரில் ரிடையர்டு ஏட்டய்யா. எங்கள் ஊர் விழுப்புரம், அஞ்சு பக்கம் லைன் பிரிகிற ஜங்ஷன். அதனால் எங்களுக்கு வாய்த்தவர் ரிடையர்டு ரயில்வே கார்டு. பெருந்திட்ட வளாகத்துப் பக்கம் நடக்கும் எங்கள் செட்டில் அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். வேகமாய்ப் போகிறவர் எக்ஸ்பிரஸ், மூட்டுவலிக்காரர் பாசஞ்சர், வழியில் நின்று வேப்பங்குச்சி ஒடிக்கிற நான் குட்ஸ். குட்ஸுக்காக எக்ஸ்பிரஸை நிறுத்திவைக்கும் ஒரே ரயில்வே எங்களுடையது.

ஒரு நாள் மட்டம் போட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டாம் நாள் வாசலில் நிற்பார். "ஏம்மா, சாருக்கு உடம்பு முடியலையா?" தெருக்கோடி வரை கேட்கும். உட்கார்ந்து காபி குடித்து, மருமகள் ஊர், மாத்திரையின் பேர் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். டாக்டர் ஆறு வருஷமாகச் சொல்லியும் அசையாதவர்கள், இந்த விசாரணைக்குப் பயந்து மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

2023 நவம்பர் 4-ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் போதும் என்கிறது. கார்டு சார் அதை அஞ்சால் வகுத்து, நாளுக்கு முப்பது நிமிஷம் என்று டைம்டேபிள் போட்டார். டீக்கடை பெஞ்சில் மசாலா போண்டாவோடு ஐம்பது நிமிஷம். அது கணக்கில் வராது.

அதே நிறுவனம், 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது விழாமல் நிற்கவும் பழகவேண்டும் என்கிறதாம். விட்டாரா? ஜோடி ஜோடியாகத் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். ஜோடி சேர்ப்பது அவர்தான். பொதுச்சுவர் தகராறில் பதினாலு வருஷமாக முகம் பார்க்காத தாசில்தாரையும் தமிழாசிரியரையும் சேர்த்துவிட்டார். அந்தச் சுவர் விஷயத்தில் இரண்டு பேருமே ஒற்றைக்காலில் நின்றவர்கள்தான். நிஜமாக நின்றது அன்றைக்குத்தான். தாசில்தார் ஆடினார். "கெட்டியா புடிச்சிக்கும்யா, நீர் விழுந்தா கேஸ நான் யார்மேல நடத்துறது?" என்றார் ஆசிரியர். இப்போது வழக்கு விசாரணை தினமும் அங்கேதான், கால் மாற்றி மாற்றி.

போன வாரம் கார்டு சார் திண்டிவனத்தில் மகள் வீட்டுக்குப் போனார். அது புளியங்காட்டால் பேர் வந்த ஊர். "விடியாத நேரத்தில புளியமரத்தடியில நடக்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று சம்பந்தி நழுவப் பார்த்தாராம். "பெரியவங்க நாமதானே சம்பந்தி" என்றாராம் இவர்.

நாங்கள் நிம்மதியாகப் போர்வையை இழுத்துக்கொண்டோம். நாலே முக்காலுக்கு போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டேன். "ஏன்யா எடுத்தே?" என்று அவர் திட்டத் தொடங்க, பின்னாலிருந்து ஒரு நடுங்கிய குரல்:

"சம்பந்தி, பேசி முடிக்கிற வரைக்கும் கால கீழ வெச்சிக்கலாங்களா?"