பேரிளம்பெண்ணுக்குப் பின்: கல்யாணச் சேலைத் தெரிவு குறித்த ஒரு பொருளிலக்கண ஆராய்ச்சி

உலா இலக்கியம் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்தது. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும் அந்த வரிசையில், கடைசிப் பருவத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு 40 வயது. அதற்குமேல் இலக்கணம் வாயைத் திறப்பதில்லை. மன்னன் யானைமேல் வீதி உலா வந்தபோது 41 வயதுக்காரி வாசலுக்கு வந்தாளா, வந்தால் என்ன கட்டிக்கொண்டு வந்தாள் என்று எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை. அடுப்பில் பால் இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. எடுத்துக்கொண்ட சிக்கல்: ஐம்பதைக் கடந்த தமிழ்நாட்டுப் பெண், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தச் சேலையைக் கட்டினால் எடுப்பாக இருப்பாள்? ஆய்வுக்களம்: பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள இடம். மணமக்களின் தாய்மார் ஆய்வு வரம்புக்குள் வரமாட்டார்கள். அவர்கள் சேலையைக் கடையில் பத்துப் பேர் கூடி முடிவு செய்கிறார்கள், அது ஆட்சியியல் துறைக்கு உரியது. அகத்திணை மரபை ஒட்டி இங்கே யார் பெயரும் சுட்டப்படாது. பெரியம்மா, நாத்தனார், ஓரகத்தி என்று உறவுகளே நடமாடும். விதிவிலக்கு இரண்டே பேர், அவர்கள் பின்னால் வருவார்கள்.

தொல்காப்பியர் எதையும் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பார்க்கச் சொன்னார். அப்படியே பார்ப்போம்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பெரும்பொழுதை அவர் ஆறாக வகுத்தார். சேலை விஷயத்தில் இரண்டே போதும். ஒன்று ஆடி, கல்யாணம் கிடையாது, தள்ளுபடி உண்டு. மற்றது முகூர்த்த மாதங்கள், தள்ளுபடி கிடையாது, கல்யாணம் உண்டு. ஆடியில் எடுத்ததை ஆவணியில் கட்டுவது இயற்கை. சிறுபொழுதில்தான் நுட்பம் இருக்கிறது. வைகறை முகூர்த்தத்துக்குப் பட்டு. அதில் பேச்சே இல்லை. மாலை வரவேற்புக்குக் கதை வேறு. அங்கே மண்டபத்தின் வெள்ளை விளக்கும் வீடியோக்காரரின் விளக்கும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் உடல் முழுக்க ஜரிகை ஓடும் டிஷ்யூ சேலை நேரில் ஜொலிக்கும். படத்திலோ கேமரா அந்தப் பளபளப்புக்குப் பயந்து ஒளியைக் குறைத்துக்கொள்ள, சேலை தெரியும், முகம் இருண்டுபோகும். பிறகு ஆல்பத்தைப் புரட்டுபவர்கள் "இது யாரு?" என்பார்கள்.

நிலம் என்பது மண்டபம் இருக்கும் ஊர் அல்ல. அங்கே வரப்போகும் கண்கள். சேலையின் அழகைவிட அதன் வரலாறு முக்கியம் என்பது நம் முதல் கண்டுபிடிப்பு. தலைவி பீரோவைத் திறந்ததும் சேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை, நீக்குகிறாள். இது பெரியம்மா பேரன் காதுகுத்துக்குக் கட்டியது, அந்தக் கூட்டம் மொத்தமும் இங்கேயும் வரும். இது நாத்தனார் வாங்கிக் கொடுத்தது, கட்டினால் ஓரகத்தி முகம் மாறும். கட்டாவிட்டால் நாத்தனார் முகம் மாறும். முன்பெல்லாம் சென்னையில் கட்டியதைத் திருநெல்வேலியில் துணிந்து கட்டலாம். இப்போது பந்தியில் ரசம் வருவதற்குள் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறது. நிலம் என்ற கருத்தாக்கமே இதனால் ஆட்டம் கண்டிருக்கிறது. திணை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

கருப்பொருளில் பறவை, விலங்கு, பூ எல்லாம் வரும் என்பது இலக்கணம். காஞ்சிபுரம் பார்டரில் அவை முழுசாக வந்துவிடுகின்றன: அன்னம், மயில், யாளி, மல்லிமொக்கு. எந்தப் பறவை என்பதைவிடப் பறவை எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதே ஐம்பதுக்குமேல் கேள்வி. காஞ்சிபுரத்தில் உடலும் பார்டரும் வெவ்வேறு நிறமாக வர, தனித்தனி நாடாக்களால் நெய்து இரண்டையும் இழையோடு இழை கோத்து இணைப்பார்கள். கோர்வை என்று பெயர். மரபான தறியில் இதற்கு நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் உட்கார வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உருவான அந்தக் கோடு, குட்டையானவருக்கு முழங்கால் உயரத்தில் வந்து நின்று ஆளை இரண்டாக வெட்டிவிடுகிறது. குள்ளமானவருக்குச் சின்ன பார்டர், அல்லது நெடுக மெல்லிய கோடாக ஓடும் வைரஊசி. உயரமானவர் கோபுர பார்டரை மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டும். பூசினாற்போன்ற உடம்புக்குப் புதுமொடமொடப்புள்ள கனமான பட்டு கொசுவத்தில் விடைத்துக்கொண்டு நிற்கும். ஏழெட்டு முறை கட்டிப் பதம் வந்த பழைய பட்டோ, மென்பட்டோ உடம்போடு படியும். பழசு என்று ஒதுக்கிவைத்ததுதான் பெரும்பாலும் சரியாக அமைகிறது. ஆனால் மேலே கண்ட வரலாற்று விதி அதைக் கட்ட விடாது.

இனி நிறம். இங்கே ஆய்வாளர் நடுநிலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறார். "வயசுக்கேத்த மாதிரி" என்று ஒரு வாய்மொழி விதி இருக்கிறது. ஐம்பது தாண்டினால் சந்தனம், பிஸ்கட் நிறம், சாம்பல், வெளிர் ரோஜா என்று ஆளை மெல்லச் சுவரோடு கலக்கவைக்கும் சதி அது. சான்றுகளோ நேர்மாறாக இருக்கின்றன. தலை நரைத்து முகத்தைச் சுற்றியிருந்த கருமை போனபின், கழுத்தருகே வெளிறிய துணி வந்தால் முகத்துக்கு விளிம்பே இல்லாமல் போகிறது. அரக்கு, மயில் கழுத்து, கத்தரிப்பூ, அடர்பச்சை இவைதாம் நரையைத் தூக்கிக் காட்டும். முதன்மைச் சான்று காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக அவ்வூர் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம், எம்.எஸ். ப்ளூ என்று ஜவுளிக்கடைகளில் நிலைத்த நிறமாகிவிட்டது. அது வெளிர்நீலமா? அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரிந்த நீலம். பெயர் சுட்டக்கூடாது என்ற விதியை அவர்களுக்காக மீறியதில் ஆய்வாளருக்கு வருத்தமில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. கணவரை இழந்த அத்தைகள் பல வீடுகளில் இன்னும் பழைய வழக்கப்படி மங்கிய சேலையில், முகூர்த்த நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.  இதற்கு எந்த இலக்கணம் இருந்தாலும் அது தப்பு. பெண்ணோ மருமகளோ அரக்குச் சேலையை எடுத்துக் கையில் திணித்து முன்வரிசையில் உட்காரவைத்த வீடுகளில் அத்தைகள் எடுப்பாகவே இருந்தார்கள்.

உரிப்பொருள். மருதத்துக்கு உரிய சிறுபொழுது வைகறை, உரிய ஒழுக்கம் ஊடல். முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நாலரை மணியைத் தொல்காப்பியர் எப்படி இவ்வளவு துல்லியமாகக் கணித்தார் என்பது வியப்பு. "எது கட்டட்டும்?" என்பது தலைவி கூற்று. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்பது தலைவன் கூற்று. ஊடலும் ஊடல் நிமித்தமும் இதிலிருந்து பிறக்கும். முல்லைக்குரிய இருத்தல், தெருவில் கார் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் தலைவனுடையது.

உரிப்பொருளில் இன்னொன்றான இரங்கல் ரவிக்கையால் வருவது. எல்லாப் பொருத்தமும் பார்த்து எடுத்த சேலைக்கு அதன் ரவிக்கை பொருந்தாது. உள்பக்கம் திருப்பினால் அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கு போல ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்த தையல்கள்: முதல் பிரசவத்துக்கு முன், பின், மூத்தவள் கல்யாணத்தின்போது. தையல்காரர் விட்டுவைத்த துணி தீர்ந்துபோயிருக்கும். இதற்கு ஆய்வு தரும் தீர்வு எளிது. அதே நிறம் தேடி அலையாமல், பார்டர் நிறத்திலோ எதிர்நிறத்திலோ நன்றாகத் தைத்த இரண்டு மூன்று ரவிக்கைகளைத் தயாராக வைத்துக்கொள்வது. கையை முழங்கைக்குச் சற்று மேல்வரை இறக்கித் தைப்பது. புஜத்தின் பருமனான இடத்தில் போய் முடியும் குட்டைக் கை, இருக்கும் பருமனுக்கு அடிக்கோடு போடுகிறது.

இத்தனையும் கடந்து மண்டபத்தில் நுழைந்தபின்தான் தேர்வு. சந்தனக் கும்பாவுக்கு அருகே நிற்கும் ஓரகத்தி முந்தானை நுனியை இரண்டு விரலால் தொட்டு, "புதுசாக்கா?" என்பாள். "ஆமாம்" என்றால் வசதி அதிகமாகிவிட்டது. "பழசுதான்" என்றால் இந்தக் கல்யாணத்துக்கு இது போதும் என்று நினைத்துவிட்டோம். அனுபவம் மிக்க தலைவியர் சொல்வது மூன்றாவது ஒன்று: "எடுத்து ரொம்ப நாளாச்சு, பிரிக்கவே இல்ல." இதில் எதையும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாது. ஓரகத்திக்கும் அது தெரியும். ஆகவே அவள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்: "எந்தக் கடையில?"