டெக்சாஸில் இலை கூட்டிய கதை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பட்டமளிப்புப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "அங்கியெல்லாம் சரிடா, படிப்பைத் தவிர அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரியில் வருடக்கணக்காக என்.எஸ்.எஸ். சேவைத் திட்டப் பொறுப்பில் இருந்தவர் கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்ப முடியுமா? அதனால்தான் கடிதம்.

நான் படித்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1876-இல் கல்லூரியாகத் தொடங்கியது. கல்லூரிக்காக ரயில் நின்ற இடம் பிறகு ஊரானது. ஊர்ப் பெயரே காலேஜ் ஸ்டேஷன். இங்கே மாணவர் படையில் எல்லோரையும்விட உயர்ந்த பதவியில் இருப்பது ஒரு நாய். கோலி இனம், பெயர் ரெவெலி. படை மாணவர்கள் அதை 'மிஸ் ரெவ், மேம்' என்றுதான் மரியாதையாக அழைக்க வேண்டும். வகுப்பில் அது குரைத்தால் பாடம் அலுப்புத் தட்டுகிறது என்று பொருளாம். வகுப்பை விட்டுவிட வேண்டும் என்பது சம்பிரதாயம். உங்கள் நண்பரான வரலாற்றுப் பேராசிரியர் இங்கே வேலை பார்த்திருந்தால் முதல் பானிப்பட் போரையே தாண்டியிருக்க மாட்டார்.

தேர்வு வந்தால் லாரன்ஸ் சல்லிவன் ராஸ் சிலையின் காலடியில் ஒரு சென்ட் வைக்கிறார்கள். டெக்சாஸ் ஆளுநராக இருந்துவிட்டு இந்தக் கல்லூரிக்குத் தலைவராக வந்தவர் அவர். பாடத்தில் உதவிவிட்டு ஒரு சென்ட் மட்டும் வாங்கிக்கொள்வார் என்று கதை. பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டு வளர்ந்தவனுக்கு இதில் என்ன புதுமை? தேங்காயைவிட மலிவு, அவ்வளவுதான்.

கால்பந்து என்று இவர்கள் சொல்வது கையால் ஆடுகிற ஆட்டம். கைல் ஃபீல்ட் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மாணவர்கள் மட்டும் உட்காருவதில்லை. 1922-இல் ஒரு ஆட்டத்தில் கல்லூரி அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழ, கூட்டத்திலிருந்து கிங் கில் என்ற மாணவரை அழைத்துச் சீருடை போட்டு நிறுத்தினார்களாம். கடைசிவரை அவரை இறக்கவே இல்லை. ஆடாமலே சிலை வாங்கியவர். அவர் நினைவாக மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை நிற்கிறார்கள். என் முழங்கால் அவரை மறக்காது.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். 1982-இல் மாணவர்களே தொடங்கிய 'பிக் ஈவென்ட்' என்று ஒன்று இருக்கிறது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்க்காரர்கள் வீடுகளுக்குப் போய் இலை கூட்டுவார்கள், வேலிக்கு வர்ணம் அடிப்பார்கள், ஜன்னல் துடைப்பார்கள். மாணவர் விசாவில் வந்தவன் பாடம் நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சம்பளமில்லாமல் இலை கூட்ட எந்த வரம்பும் இல்லை என்பதால் நானும் பெயர் கொடுத்தேன்.

எங்கள் குழுவுக்கு வாய்த்த வீட்டில் இரண்டு கார்கள் நின்றன. லைவ் ஓக் மரங்கள் வசந்தத்தில்தான் பழைய இலையைக் கொட்டும். முற்றம் முழுக்கச் சருகு. ரேக்கைப் பிடித்து வாரிக் காகிதப் பைகளில் திணித்தோம். அதை வீடியோவில் பார்த்த அம்மா, "நம்ம வாசல்ல வேப்பஞ்சருகு குவிஞ்சு கிடந்தப்ப நீ எங்கடா போன?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் நல்லவேளையாக சிக்னல் போய்விட்டது.

"இவ்வளவு வசதியானவருக்கா உதவி?" என்று குழுத் தலைவியிடம் கேட்டேன். ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதே இல்லையாம். வருடம் முழுக்க நம் சத்தத்தையும் வண்டிகளையும் பொறுத்துக்கொள்கிற ஊருக்கு இது நன்றி, தர்மம் அல்ல என்றாள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் எலுமிச்சைச் சாறு கொடுத்தார், அவர் மனைவி எங்கள் ஊரைப் பற்றி விசாரித்தார். குனிந்து வாங்குபவரும் இல்லை, நிமிர்ந்து கொடுப்பவரும் இல்லை.

பெரியப்பா, நம் என்.எஸ்.எஸ்.ஸைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1969-லிருந்து அது செய்திருப்பது கொஞ்சமில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று கணக்கு வைத்ததில் பலருக்குச் சான்றிதழ்தான் சேவையாகிவிட்டது. முகாமுக்கும் தூரத்துக் கிராமத்தைத் தேடிப் போகிறோம். ஹாஸ்டல் பையன்களின் பாட்டுச் சத்தத்தைத் தினமும் சகிக்கும் பின் தெருவுக்கு நாம் ஒருநாளும் போனதில்லை. உங்கள் பேச்சுக்குக் கல்லூரியில் இன்னும் மதிப்பு இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் ஒரே ஒரு சனிக்கிழமை, அந்தத் தெருவுக்குப் பையன்களை அனுப்பச் சொல்லி முதல்வரிடம் கேட்டுப் பாருங்களேன்.

உங்கள் பாசமுள்ள மகன்