ஆறு முப்பத்தஞ்சு

டே தம்பி, விமானம் எத்தினி மணிக்குன்ன? ஆறு முப்பத்தஞ்சா? ஆறரையும் இல்ல, ஆறேமுக்காலும் இல்ல. அந்த அஞ்சு நிமிசத்துக்கு எம்மாம் மரியாதை பாரு! அதுக்காவ நடுராத்திரியே தேவனாம்பட்டினத்த வுட்டுக் கெளம்பற. விடிஞ்சா மீனம்பாக்கத்துல குந்திகினு செல்ல நோண்டுவ. "வர வேண்டியது வரல, அதனால போவ வேண்டியது போவல"ம்பான். இதச் சொல்ல ஒருத்தன் கழுத்துல டை கட்டணுமா?

மாயமெல்லாம் ஒண்ணுமில்லடா. ஒரே விமானத்த ஒரு நாளைக்கு அஞ்சாறு நடை அடிக்கறான். டெல்லியில காலையில பனி மூடுனா, சாயங்காலம் மெட்ராசுல நீ கொட்டாவி வுடுவ. போகிக்கு டயரு கொளுத்தறீங்களே, 2018ல அந்தப் பொகையில மெட்ராசுக்கு வந்த விமானம் பெங்களூரு, ஐதராபாத்துன்னு தெச மாறிப் போச்சு. யாரத் திட்டுவ?

ஆனா 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானக் கம்பெனி அடிச்ச கூத்துக்குப் பனியும் காரணமில்ல, பொகையும் காரணமில்ல. ஓட்டறவனுக்கு வாரத்துல 36 மணி ஓய்வு பத்தாது, 48 குடு. ராத்திரியில ஆறு தடவ எறக்கச் சொன்னது போதும், ரெண்டோட நிறுத்து. இப்பிடி சர்க்காரு விதி போட்டது 2024 சனவரியில. முழுசா அமுலுக்கு வந்தது 2025 நவம்பர் 1. நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு வருசம்! இண்டிகோ என்னா பண்ணுச்சு? ஆள எண்ணாம நடைய எண்ணுச்சு. டிசம்பர் 5, ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ரத்து. சர்க்காரே எறங்கி வந்து ராத்திரிக் கணக்கக் கொஞ்ச நாளைக்குத் தளத்துச்சு. அப்பாலதான் பத்து நடையில ஒண்ணக் கொறைன்னுது.

வல்லத்துக்கு நாலு பேரு வேணும், மூணு பேருதான் வந்தான்னா நாங்க கடல்ல எறங்குவமா? ராவெல்லாம் வலை இழுத்தவன விடியக்காலம் சுக்கான் புடிக்கச் சொல்லுவமா? படிப்பு இல்லடா இது, உசுர்ப்பயம். மீனு முட்டை வுடறதுக்கே ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படக நிறுத்தி வைக்குது சர்க்காரு. மனுசனுக்கு 48 மணி குடுக்கத்தான் கம்பெனிக்குக் கை வரல.

சரி, கெளம்பு. பைய எட்டு தடவ எடை போட்டுட்ட. கெழவி வஞ்சிரக் கொழம்ப அடுப்புல வச்சி சுண்ட வுட்டிருக்கா. ஏன்னு கேக்காத. நாளைக்கு நீ திரும்பி வந்து நின்னா, சோத்துக்கு வேணுமில்ல?