இரு பகல் பாங்காக்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

ஆறே சாலை; சாலையோ அடைப்பே;
காலை அரண்மனை; மாலை மறுகரை;
எஞ்சிய எல்லாம் அடுத்த வரவே.

இது என் நுதலிற்றோ எனின், தாய்லாந்துத் தலைநகரில் இரண்டே பகல் தங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமலே ஊர் திரும்ப வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா செய்தவரும் உரை வரைபவரும் ஒருவரே ஆதலால், மூலத்தை உரை திரித்துவிட்டது என்று எவரும் வழக்கிட வழியில்லை.

முதலில் மறுதலைக் கொள்கையைப் பார்த்துவிடுவோம். பட்டியலார் என்றொரு பிரிவினர் உண்டு. மணிக்கு ஓர் இடம், இடத்துக்குப் பத்துப் படம் என்பது அவர்கள் துணிபு. பேக்கேஜ் டூர் வேன்களில் கூட்டமாகக் காணப்படுவர். புளியோதரைப் பொட்டலமும் ஊறுகாய்ப் பாட்டிலும் இவர்களுக்குரிய கருப்பொருள். இவர்கள் பாங்காக்கில் மிக நீண்ட நேரம் உற்று நோக்கியது முன்சீட்டின் முதுகைத்தான். அதற்கு அடுத்தபடி, 'சிட்டி டூர்' என்ற பெயரில் இறக்கிவிடப்பட்ட ரத்தினக் கடையை. ஆகவே அது நம் கொள்கை அன்று.

இனி உரை. 'சாலையோ அடைப்பே' என்றது என்னை? மாலை ஆறு மணிக்குச் சுகும்வித் சாலையில் டாக்சி ஏறியவரைக் கேளுங்கள். வண்டி நிற்கும்; மீட்டர் நிற்காது. நின்ற நேரத்துக்கும் கணக்கு உண்டு. போதாக்குறைக்கு, சென்னையிலிருந்து போகிறவரிடம் கடிகாரம் ஏற்கெனவே ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்தம் செய்துவிடுகிறது. திரும்பி வரும்போது அதை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது அதை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கலாம். வேறு பயன் இல்லை.

விமான நிலையத்திலிருந்தே ரயில் இருக்கிறது. அரை மணியில் பாயா தாய் நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து 1999 முதல் ஓடும் வான்ரயில். நடுவில் ஒருமுறை வண்டி மாறினால் அது சபான் தக்சின் நிலையத்தில் இறக்கிவிடும்; படிக்குக் கீழேயே சத்தோர்ன் படகுத்துறை. 'ஆறே சாலை' என்ற முதல் தொடர் இங்கே மெய்ப்படுகிறது. சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு வரும். நடத்துநர் அம்மாள் கையில் நீண்ட தகரக் குழல் ஒன்று. உள்ளே சில்லறையும் டிக்கெட் சுருளும். மூடியைத் திறந்து மூடிக் 'கடகட'வென்று ஒலி எழுப்பியபடி அவர் வந்தால், தாய் மொழியில் ஒரு சொல் தெரியாதவருக்கும் கை தானாகப் பைக்குள் போகும்.

ஆறு ஒன்றுதானா எனின், கால்வாயும் கொள்க. சென் செப் கால்வாய்ப் படகு சுற்றுலாவுக்கானது அன்று. அலுவலகம் போகிறவர்களின் பஸ். ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் பிளாஸ்டிக் திரை மேலே ஏறும். எதிர்ப்படகு வரும்போது இழுக்காவிட்டால், பக்கத்தில் உள்ளவர் ஒரு பார்வை பார்ப்பார். நடத்துநர் தலைக்கவசம் அணிந்து, படகின் வெளிவிளிம்பில் நடந்தே கட்டணம் வாங்குகிறார். தாழ்ந்த பாலங்கள் வரும்போது குனிந்துகொள்கிறார். வாசனை பற்றி உரையாசிரியர் மௌனம் காப்பது மரபு.

'காலை அரண்மனை' என்றதன் கருத்து விரிவானது. 1782இல் முதலாம் ராமர் என்னும் மன்னர் கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனை எட்டரைக்குத் திறக்கிறது. எட்டரைக்கே போய்விடுக. பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் கைகோத்துக்கொள்ளும். அரைக்கால் சட்டை கூடாது. கையில்லாச் சட்டையும் கூடாது. உள்ளே மரகத புத்தரின் உயரம் 66 செ.மீ.தான். வெயில், மழை, குளிர் என மூன்று பருவத்துக்கும் ஆடை மாற்றுகிறார்கள், பொதுவாக அரசரே. ஆனால் நம்மவர் கால் ஊன்ற வேண்டிய இடம் சுற்று மண்டபம். அங்கே தாய் ராமாயணமான ராமகியன் கதை 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. அனுமனைத் தேடிப் பாருங்கள். வெண்ணிற மேனி, வீரத்தில் குறை சொல்ல முடியாது, பிரம்மச்சரியம் மட்டும் அந்த நாட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ராவணன் மகளான கடற்கன்னி உட்படப் பலரைக் காதலிக்கிறார். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தச் செய்தியை விமானம் ஏறும் முன்பே மெல்லச் சொல்லிவைப்பது நலம்.

இங்கே ஒரு தடை எழும். அரண்மனைக்குச் சற்று முன்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர் புன்னகையோடு, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, பௌத்தத் திருநாள்" என்கிறாரே எனின், அது போலி என்க. அடுத்த வாக்கியத்தில் துக்துக் வரும். அதற்கடுத்த வாக்கியத்தில் கற்கடையோ தையற்கடையோ வரும். இந்த வரிசை மாறுவதில்லை. தொல்காப்பியருக்கே பொறாமை தரும் ஒழுங்கு. விடை: நேரே வாசல்வரை நடந்து, டிக்கெட் கொடுக்கும் சன்னலைக் கண்ணால் காண்க. மூடியிருந்தால் சன்னலே சொல்லும்.

'மாலை மறுகரை.' மறுகரை என்றது எந்தக் கரையை? இரண்டையும் என்க. தா தியன் துறையில் படகேறி அக்கரை போய், வாட் அருண் கோபுரத்தின் பீங்கான் பூக்களைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, பொழுது சாயும் முன் இக்கரை திரும்பிவிட வேண்டும். சூரியன் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால்தான் இறங்குகிறது. கோபுரத்தின் மேலேயே நின்றுகொண்டிருப்பவருக்குக் கோபுரம் தெரியாது.

'எஞ்சிய எல்லாம்' என்றதனுள் மிதக்கும் சந்தையும் பட்டாயாவும் அடங்கும். சதுசாக் பெருஞ்சந்தை முழுமையாகக் கூடுவது சனி ஞாயிறுகளில். செவ்வாய்க்கிழமை போய் நின்று பயனில்லை. விதிவிலக்கு இரண்டு. ஒன்று, சீலோம் சாலையோரம் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில். இப்போது அங்கே தாய் மக்கள் கூட்டம்தான் பெரிது. மற்றொன்று, வாட் சுதாத் அருகே சிவப்புத் தேக்குத் தூண்களாய் நிற்கும் பெரிய ஊஞ்சல். ஆடுவது 1935இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த ஊஞ்சல் விழாவுக்குரிய பக்கத்து இந்துக் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டிய நாட்களில் திருவெம்பாவையை இன்றும் ஓதிவருகிறார்கள். உச்சரிப்பு நமக்குப் பிடிபடாது என்பது வேறு.

புறனடை: சுவர்ணபூமி விமான நிலையத்தில், தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துப் பாற்கடல் கடையும் பெருஞ்சிற்பம் ஒன்று இருக்கிறது. அது புறப்படுகிறவர் பக்கத்தில், பாஸ்போர்ட் சோதனைக்கு அப்பால் உள்ளது. வந்திறங்குகிறவர் கண்ணில் படாது. இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். கட்டணம் கிடையாது.