டேஷ்போர்டில் தீபாவளி

2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-க்கு இன்னும் காதலர்கள் உண்டு. காதல் முற்றினால் இவர்கள் முதலில் கை வைப்பது இன்ஜினில் அல்ல, டேஷ்போர்டு விளக்கில். அழுது வடியும் மஞ்சள் பல்பைப் பிடுங்கிவிட்டு எல்இடி மாட்டினால் வண்டிக்கு வயது குறையுமாம்.

மீட்டரை வெளியே எடுப்பதற்குள் முழங்கைத் தோல் உரியும். வெயிலில் வறண்ட பிளாஸ்டிக் கொக்கி ஒன்று 'டக்'கென்று உடையும். எல்லாம் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் பாதிதான் எரியும். பழைய பல்ப் எந்தப் பக்கம் செருகினாலும் எரிகிற சமத்துவவாதி. எல்இடியோ பிளஸ், மைனஸ் பார்த்துத்தான் பந்தியில் உட்காரும். மறுபடி கழற்று, திருப்பிப் போடு!

சிவப்பு எல்இடிக்கு ஆசைப்பட்டவர் வண்டி மீட்டரில் பச்சை வடிகட்டி இருந்தால், கிடைப்பது அமாவாசை.

உச்சக்கட்டம் பேட்டரி விளக்கு. பல பழைய கார்களில் அந்தப் பல்ப் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும். எல்இடி அவ்வளவு மின்சாரம் இழுக்காது. சிக்கனம்தான்! டேஷ்போர்டு ஜொலிக்கும், ஆல்டர்னேட்டர் தூங்கும், பேட்டரி பட்டினி கிடக்கும். சில வாட் மிச்சம் பிடித்த மகான், வண்டியைத் தள்ள நாலு பேரைத் தேடுவார்.

ஆனாலும் ஒரு நன்மை உண்டு. பெட்ரோல் முள் இத்தனை வருஷமாகச் சொன்ன பொய் இப்போது ராத்திரியிலும் பளிச்சென்று தெரிகிறது.