கிணறு எந்த அட்டவணையில்?

கேள்வி: எல்லாமே தரவுதளத்தில் இருக்கிறதே, அதற்கு மேல் ஆன்டாலஜி என்று ஒன்று எதற்கு?

பதில்: இருக்கிறது, எங்கே என்பதுதான் பிரச்சினை! நார்வேயின் ஸ்டாட்டாயில் (இன்றைய ஈக்வினார்) புவியியலாளர்கள் கடலுக்கடியில் எண்ணெயைக் கண்டுபிடிப்பவர்கள். ஆனால், தங்கள் தரவுதளத்தில் கிணற்றைத் தேட ஐ.டி. ஆளுக்காக நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அத்தனை அட்டவணைகள், அத்தனை சுருக்கப் பெயர்கள்! 2012-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத் தலைமையில் தொடங்கிய ஆப்டிக் திட்டம் இதற்குத்தான் வழி தேடியது. தொழில்சொற்களையும் அவற்றின் தொடர்புகளையும் வரையறுப்பதுதான் ஆன்டாலஜி; அதில் வரும் ‘கிணறு’ என்றால் எந்த அட்டவணை, எந்த நெடுவரிசை என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் போதும். புவியியலாளர்கள் தொழில்மொழியில் கேட்பதை மென்பொருளே எஸ்.க்யூ.எல். ஆக்கிவிடும். தரவை இடம் மாற்றவே வேண்டாம். அந்த ‘ஒருமுறை’தான் முதுகை ஒடிக்கும் வேலை. தொழில் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் அதைத் தொடங்காதீர்கள்.