கெஸ்ட்

ஞாயிறு காலை ஐந்து மணி. கேளம்பாக்கம் ஜங்ஷன் டீக்கடை. காலர் வைத்த டீ-சர்ட், வெள்ளைத் தொப்பி, தோளில் இடுப்புயரப் பை. "இன்னிக்கு முகூர்த்தமா சார்? நாயனம் எந்த மண்டபத்துல?" என்று மாஸ்டர் யாரை விசாரிக்கிறாரோ, அவர்தான் எங்கள் அப்பார்ட்மென்ட் கோல்ஃப் சார்.

சார் எந்தக் கிளப்பிலும் மெம்பர் இல்லை. நிரந்தர கெஸ்ட். மெம்பரான பழைய மேலதிகாரி கூட்டிப் போனால்தான் உள்ளே விடுவார்கள். விட்டாலும், மெம்பருக்கு ஒரு விலை, அவர் கைபிடித்து வந்தவருக்குப் பல மடங்கு. பை தூக்கும் கேடிக்குக் கூலி தனி, மேலதிகாரிக்கு டிபன் தனி. கெஸ்ட் கையால் காசு வாங்குவது அங்கே மரியாதையில்லையாம். மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். சார் கார் நிறுத்துமிடத்திலேயே நின்று ஜிபே பண்ணுவார்.

அன்று மாலை லிஃப்டில் அகப்பட்டவர் தொலைந்தார். "அநியாயம் சார்!" என்று ஆரம்பிக்கும்போது குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். தொகை வரும் இடத்தில் மட்டும் இரண்டாவது மாடி வரை கேட்கும்.

கணக்கிலும் புலி. "டைகர் வுட்ஸ் பதினெட்டுக் குழியையும் எழுபது அடியில முடிச்சிடுவான். நான் நூத்திமுப்பது அடிக்கிறேன். அதே காசு! லாபம் யாருக்கு?"

"காத்துல வீசினதையும் சேர்த்தா சார்?"

"சேர்க்காம? ரூல்படி அதுவும் ஒரு அடிதான்."

பழகுவதெல்லாம் மொட்டை மாடியில், பந்தில்லாமல். கீழே உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவித்திருப்பதைப் பார்த்தால் பந்து சிக்கும் பங்கர் மணல் ஞாபகம் வந்து முகம் சுருங்கும்.

ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் கதையையும் அங்கேதான் கேட்டேன். அந்தப் பழைய மைதானம் பொதுச் சொத்து. உள்ளூர்க்காரருக்கு மலிவான வருஷச் சீட்டு. வெளியூர்க்காரர் சீசனில் ஒரே ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் அழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. ஊர்ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் காலாற நடக்கும். "நாய்க்கு இலவசம் சார், எனக்கு முந்நூறு பவுண்டு!"

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 160 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. பந்தயப் பாதைக்கு நடுவே இருந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் அதில் சேர்த்தி. சார் அங்கே ஒருநாள்கூட ஆடியதில்லை. இருந்தும் இரண்டு நாள் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்கப் போனேன். செய்தித்தாளை நீட்டினார். 1940களில் எழுதின 99 ஆண்டுக் குத்தகை; ரேஸ் கிளப் கட்ட வேண்டிய வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா.

"குதிரை, புல், குழி எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு! நான் ஒரு காலை வேளைக்கு எவ்வளவு குடுக்கறேன் தெரியுமா?"

தெரியும் என்று நான் சொல்வதற்குள் சொல்லிவிட்டார். எதிர் பிளாக்கில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

போன ஞாயிறு மாஸ்டர் டீக்கு இரண்டு ரூபாய் ஏற்றியிருந்தார். "அநியாயம்பா" என்றார் சார். மாஸ்டருக்கே கேட்டிருக்காது.